கவிழ்த்துப் போட்ட கல்

நீங்கள் பொய் சொன்னீர்கள், பஞ்சாயத்துத் தலைவரே. என் அக்காவின் சுமைதாங்கி மழையில் விழுந்து உடைந்துவிட்டது என்று என் அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் அக்கா எட்டு மாதக் கர்ப்பத்தில் செத்துப்போனாள். அப்படிப் பிள்ளையைச் சுமந்தபடி போனவளுக்கு எங்கள் பக்கம் சுமைதாங்கி வைப்பார்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருகிறவள் குனியாமல், கை கொடுக்க யாரையும் கூப்பிடாமல், அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். ஒவ்வொரு சுமை இறங்கும்போதும் செத்தவளின் சுமையும் கொஞ்சம் இறங்கும்.

அக்கா புருஷன், என் மாமா, பெரம்பலூர் பக்கம் கல் குவாரியில் வேலை செய்தார். முந்திரி விறகு ஏற்ற எங்கள் ஆண்டிமடம் பக்கம் வந்த லாரியில் மூன்று கல்லையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். தெருவே பார்க்க ஓடியது. பலகைக்கல்லின் மேல்பக்கம் அக்காவின் பெயரை அவரே கொத்தியிருந்தார்.

"சுமை பேரு மேலயா வந்து விழும்?" என்றேன்.

"எறங்குனது அவளுக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

நாங்கள் விறகு கொண்டுவரும் ஏரிக்கரைப் பாதையில் நட்டோம். முதல் விறகுக்கட்டை இறக்க பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். எம்பினாள். எட்டவில்லை. மாமா தன் தலைக்கு அளவு வைத்து நட்டிருந்தார்!

"ஏம் மாப்ள, பொண்டாட்டி ஒசரங்கூடவா தெரியாது ஒனக்கு?" என்றாள் அத்தை.

எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார், சிரித்தபடியே அழுதார். அம்மா ஒரு விறகுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கல்லை ஒட்டி வந்து நின்றாள்.

"அவ என் ஒசரந்தான். இதுக்கு வை."

மறுபடி பிடுங்கி, குழியை ஆழமாக்கி நட்டோம். அத்தையின் கட்டு 'தொம்'மென்று கல்லில் இறங்கியது. நான் கத்தியே விட்டேன். அன்றைக்கு வேலையே இல்லாமல் மூன்று நடை விறகு தூக்கிப்போய் இறக்கி இறக்கிப் பார்த்தேன். அக்கா செத்த பிறகு எங்கள் வீட்டில் சந்தோஷம் வந்த நாள் அதுதான்.

சில வருஷம் கழித்து அதே கரையில் பூங்கா வைத்தீர்கள். நடைபாதை, மரக்கன்று, உங்கள் அப்பா பெயர் போட்ட கல் பெஞ்சு. சுமைதாங்கியைக் காணோம். மழை என்றீர்கள். நம்பித் தொலைத்தோம்.

ஒரு நாள் கால் வலிக்கிறதே என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க விளிம்பைப் பிடித்தபோது அடியில் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எழுத்து. தரையில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்து பார்த்தேன். அக்கா பெயர்! முழுசாக, ஒரு எழுத்துகூட உடையாமல்.

வீடுவரைக்கும் ஓடி அம்மாவை இழுத்துவந்தேன். அவளும் படுத்து உள்ளே நுழைந்தாள். எழுதப்படிக்கத் தெரியாதவள், விரலால் தடவித் தடவி மகள் பெயரைப் பார்த்தாள். பூங்காக் காவல்காரர் ஓடிவந்தார்.

"எம்மா, வெளிய வாங்க, ஆபீசர் வர்ற நேரம்."

"வரட்டும்," என்றாள் அம்மா அடியிலிருந்தே. "அவரையும் படுத்துப் படிக்கச் சொல்லு."

உங்களிடம் வந்து கேட்டோம். "அங்கயும் எளப்பாறுறாங்க, இங்கயும் எளப்பாறுறாங்க. என்ன கெட்டுப்போச்சு?" என்றீர்கள். முழங்கால் உயரப் பெஞ்சில் விறகுக்கட்டை எப்படி இறக்குவது? நீங்கள் தலையில் எதைச் சுமந்தீர்கள், தெரிவதற்கு?

கல்லை நிமிர்த்தி, என் அம்மாவின் உயரத்துக்கு நட்டாக வேண்டும். அதற்கு முன்னால் வருகிற ஊர்க்கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். அக்கா பெயரைக் கவிழ்த்துப் போடச் சொன்னது யார்? என் வாசலுக்கு வந்து ரகசியமாகச் சொல்ல வேண்டாம். மைக்கைப் பிடித்து, விறகு சுமக்கும் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்.