கனிமொழி விழுந்த பாறை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

மண்ணூர்பேட்டையில் வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன மார்கழியில் ஒரு மலைக்காட்டுக்குச் சுற்றுலா வரைபடம் போடும் வேலை வந்தது. மலை ஜனங்கள் வைத்த பெயர்களை வனக்காவலர் கலியமூர்த்தி போனில் சொல்லச் சொல்லப் பதித்தேன். புலியூத்து, கரடிப்பொடவு, நரிப்பாழி... கடைசியாக, கனிமொழி விழுந்த பாறை.

அந்தப் பெயரைத் தூக்கச் சொல்லி, வேலை கொடுத்தவரே பூந்தமல்லியிலிருந்து நேரில் வந்துவிட்டார். பெயர் தட்சிணாமூர்த்தி. அந்த மலையில் சொகுசு விடுதி கட்டுகிறவர்.

"சூரியோதய முனைன்னு போடும்மா. எவளோ ஒருத்தி வுழுந்தான்னு பேர் வச்சா எவன் வருவான்?"

ஆளைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மாற்றினேன். சேமித்தேன். மாலை 6.40.

ஏ.சி. தானாக நின்றது. ஆனால் குளிர் கூடியது. ஈர இலை வாசனை வேறு...

அவர் குனிந்து காலைச் சொறிந்தார். கணுக்காலில் அட்டை. ரத்தம் குடித்து உப்பியிருந்தது. மண்ணூர்பேட்டையில், மூன்றாவது மாடியில், மலை அட்டை.

பிய்த்து எறிந்தார். இன்னொன்று ஏறியது.

திரையைப் பார்த்தேன்.

'கனிமொழியைத் தள்ளிய பாறை.'

அவர் முகம் வெளுத்தது.

"இத யாரு உங்கிட்ட சொன்னது?"

"யாரும் சொல்லல சார். தானா மாறிக்கீது."

"அழி."

அழித்தேன். வந்தது. அழித்தேன். வந்தது...

என் காதருகே ஒரு பெண் மூச்சு வாங்கினாள். மலையேறி வந்தவள் போல.

கையை எடுத்துவிட்டேன்.

பெயர் தானே அழிந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் புதிதாக வந்தது.

'தட்சிணாமூர்த்தி...'

அவர் ஓடினார்.

'...விழுந்த பாறை.'

மறுநாள் காலை அயனம்பாக்கம் ஏரிக்கரைச் சாலையில் அவர் உடல் கிடந்தது. கார் பக்கத்திலேயே, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மட்டும் ஒப்பவில்லையாம். முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுந்தால்தான் எலும்புகள் அப்படி நொறுங்கும் என்றாராம். அந்த இடத்தில் ஏறி விழ ஒரு தென்னைமரம்கூடக் கிடையாது.

அன்று மாலையே கலியமூர்த்திக்குப் போன் போட்டேன். கனிமொழி தட்சிணாமூர்த்தியின் முதல் மனைவி என்றார். கல்யாணமான புதிதில் மலை பார்க்க அழைத்து வந்தாராம். அதைக் கேட்டபின் அந்த ஆளுக்காக எனக்கு இரக்கம் வரவில்லை.

 கலியமூர்த்தி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நேத்து ராத்திரி அந்தப் பாறை மேல ஒரு ஆம்பள அலறல் கேட்டுச்சும்மா. விடிஞ்சதும் பள்ளத்துல எறங்கிப் பார்த்தோம். ஆள் இல்ல... ரத்தம் மட்டும் காயாம இருந்துச்சு."