முகத்தை மூடிய துண்டு

பங்காரம்மா எதையும் மறக்கிறவள் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் தன் இலையைத் தாண்டிப் போய்ப் பாயசம் ஊற்றிய அக்கா மகனோடு அவள் அதற்குப் பிறகு பேசவே இல்லை. அவன் காலில் விழுந்தும் பேசவில்லை. பாயசத்துக்கே அப்படி என்றால் புருஷனைக் கொன்றவனை விடுவாளா?

தொண்ணூற்று நான்கில், தொண்டாமுத்தூர்த் தென்னந்தோப்பில், மோட்டார் ரூம் வாசலில் அவள் புருஷன் திருமலைசாமி மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். வாட்ச், மோதிரம் எல்லாம் அப்படியே இருந்தன. முகத்தின் மேல் அவருடைய துண்டு விரித்துப் போட்டிருந்தது. போலீஸ் நாய் வாய்க்கால் வரை ஓடிவிட்டு, திரும்பி வந்து நிழலில் படுத்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் கோவையிலிருந்து இன்னாசிமுத்துவை அழைத்து வந்தார். கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுப்பவர். குற்றம் நடந்த விதத்தைப் பார்த்தே, செய்தவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லும் படிப்பு படித்தவர். போட்டோக்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, பிணத்தை யாராவது தொட்டார்களா என்று கேட்டார். யாரையும் விசாரிக்காமலே, “இல்லை” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அப்ப இது அந்நியன் வேலை இல்லீங்கம்மா,” என்றார் இன்னாசிமுத்து, பக்கத்தில் நின்ற பங்காரம்மாவிடம். “கோபத்துல அடிச்சிட்டான். அப்புறம் இந்த முகத்தைப் பார்க்கக் கூசி மூடியிருக்கான். ரொம்ப வேண்டியவன். எழவு வீட்டுல எல்லாரையும் விட ஓடியாடி வேலை செஞ்சிருப்பான், எல்லாரையும் விட அதிகமா அழுதிருப்பான்.”

பங்காரம்மாவுக்கு உடனே ஆள் தெரிந்துவிட்டது. பாடைக்கு மூங்கில் வெட்டியதிலிருந்து வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தது வரை ஓடியாடியவன் கொழுந்தன் வெங்கிடபதிதான். பொதுக் கிணற்றுத் தண்ணீர் முறைக்காக அண்ணனோடு கைகலப்பு வரை போனவனும் அவன்தான்.

“எங்கொழுந்தன்தானுங்க,” என்றாள். அன்றே அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஜெயிலோடு அவளுக்கு ஆறவில்லை. வெங்கிடபதியின் மகள் அம்சவேணிக்கு வெள்ளகோவிலில் நிச்சயம் ஆகியிருந்தது. பங்காரம்மா பஸ் பிடித்துப் போய் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றாள். “கொலைகாரன் ஊட்டுப் பொண்ணையாங்க எடுக்கறீங்க?” என்று தெருவே கேட்கக் கேட்டாள். நிச்சயம் முறிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம்.

துண்டை வைத்து வெங்கிடபதியைப் பிடித்த பேச்சு ஊருக்குள் பரவிய பிறகுதான் பாவாத்தாள் வந்தாள். தோப்பில் களை எடுப்பவள். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் பிணத்தைக் குளிப்பாட்டுகிறவளும் அவள்தான். திருமலைசாமியை முதலில் பார்த்துச் சத்தம் போட்டதும் அவளே.

“அம்மணி, அந்தத் துண்டு நான் போட்டதுங்க. ஈ மொய்ச்சுதுங்க. மொகத்தைத் தொறந்தாப்புல உட்டுட்டு வர மனசு வல்லீங்க. அதை வெச்சுத்தான் உங்க கொழுந்தனாரைப் புடிச்சாங்கன்னு இப்பத்தான் கேள்விப்பட்டனுங்க.”

“போலீசுல ஏன் சொல்லுல?”

“செத்தவிய மொகத்தை மூடறது ஒரு சங்கதிங்களா? ஆரும் கேக்குலீங்க.”

வாயை மூடிக்கொண்டு போ என்று சொல்லப் பங்காரம்மாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கொழுந்தன் மேல் துளி இரக்கம் இல்லை. ஆனால் அவன் உள்ளே கிடக்கும்வரை, கொன்றவன் வெளியே வயிறாரத் தின்றுவிட்டுத் தூங்குவானே! பாவாத்தாளின் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனாள்.

“நான் சொன்னது தப்பில்லை, எனக்குச் சொன்னதுதான் தப்பு,” என்றார் இன்னாசிமுத்து. பெரிய மனுஷர், அவரால் அப்படிச் சொல்லிவிட்டுக் காரில் ஏற முடிந்தது. துண்டை எடுத்துவிட்டால் வழக்கில் தண்ணீர்ச் சண்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. வெங்கிடபதியை விட்டுவிட்டார்கள்.

அவன் நேரே அண்ணி வீட்டுக்கு வந்தான். வாசற்படி ஏறவில்லை.

“பரிதாபப்பட்டு உன்னை வெளிய எடுக்குல,” என்றாள் பங்காரம்மா. “உங்கண்ணனைக் கொன்னவன் எங்கியோ சிரிச்சிட்டுத் திரியறான். அவனைத் தேடோணும். நீயும் கூட வா.”

வெங்கிடபதி கைகூப்பினான். குரலில் கோபமே இல்லை.

“அண்ணனைக் கொன்னவனை நீங்க தேடுங்க அண்ணி. எம்மக கல்யாணத்தைக் கெடுத்தது ஆருன்னு நான் தேட வேண்டியதில்லீங்க.”

சொல்லிவிட்டு நிதானமாக நடந்து போனான். பங்காரம்மா பட்டப்பகலில் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள்.