தேட ஆளில்லாத வானம்

போடியில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். வீடியோ கேம்களை விமர்சித்து யூடியூபிலும் போடுவேன். விண்வெளியில் சரக்கு வாங்கி விற்று, கொள்ளைக்காரர்களோடு சண்டை போடும் ஒரு கேமை மற்ற விமர்சகர்கள் எல்லாரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். நான் மட்டும் பத்துக்கு நாலு கொடுத்தேன். “கதை இல்லை, முடிவு இல்லை. எங்கே போனாலும் நம்மைத் தேட ஆளில்லை” என்று குறை சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தால், என் மனைவி அதை ஆடிக்கொண்டிருந்தாள். ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். வீடு திரும்பக் கொஞ்சம் பிந்தினாலும் நான் போன் போட்டுவிடுவேன்.

அவள் சரக்கும் ஏற்றவில்லை, யாரையும் சுடவும் இல்லை. விண்கப்பல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“எங்க போற?” என்றேன்.

“சும்மாதாங்க போறேன். எப்ப வருவேன்னு கேக்க இதுல ஆளே இல்ல. அதான் நல்லாருக்கு.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னாள். அதில் கோபம் இல்லை. சோறு கேட்க வந்த நான், தட்டை நானே எடுத்துக்கொண்டேன்.

என் விமர்சன வீடியோவை நீக்கவில்லை, மதிப்பெண்ணையும் மாற்றவில்லை. மறுவாரம் அவள் கூட வேலை பார்ப்பவர்களோடு ஜீப்பில் போடிமெட்டு மலைக்குச் சுற்றிப்பார்க்கப் போனாள். பொழுது சாய்ந்ததும் பழக்கத்தில் போனை எடுத்தேன். அவள் பெயர் வரைக்கும் போய், வைத்துவிட்டேன்.