ஊசி நூலோடு நீச்சல் குளத்துக்கு

ஞாயிறு வகுப்பு பற்றிய அறிவிப்பு பெரியம்மாவின் கைப்பேசிக்கு வந்த நேரம் காலை 7.09. அவர் படிவத்தை நிரப்பி அனுப்பிய நேரம் 7.12. இரண்டு பதிவுகளும் இன்னும் அழியாமல் இருக்கின்றன, பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

பெரியம்மா யோகேஸ்வரிக்கு ஐம்பத்தொரு வயது. மலேசியாவில், சிம்பாங் ரெங்கம் கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தரம் பார்க்கிறார். ஊசிமுனை அளவு ஓட்டையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தனக்கென்று ஒன்றைத் தொடங்கும்போது மட்டும் அந்தக் கண்கள் உதவுவதில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் லோஷினியிடம், அவள் கல்யாணப் பிளவுஸுக்குத் தானே பூவேலை செய்து தருவதாக முந்தைய வாரம்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்குத் தெரிந்ததோ பொத்தான் தைக்க மட்டும். திருமணத்துக்கு ஒன்பது வாரங்கள் இருந்தன.

மலாயில் பூத்தையலுக்கு ‘மென்யுலாம்’ என்று பெயர்; நீரில் மூழ்குவதற்கு ‘மென்யெலாம்’. ஓர் எழுத்துதான் வேறுபாடு. அறிவிப்பில் இருந்தது இரண்டாவது; தொழிற்சாலைப் பேருந்தின் குலுக்கலில் அந்த எழுத்து அவருக்குப் புலப்படவில்லை. படிவம் உடை அளவைக் கேட்டபோது, பிளவுஸுக்காக என்றெண்ணி மகளின் அளவை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் காரில் அழைத்துப் போனேன். குளுவாங்கில் போய் இறங்கிய இடம் ஒரு நீச்சல் குளம். பயிற்சியாளர் ஷிரீன், முப்பது வயதிருக்கும், பெரியம்மாவின் பையைப் பார்த்தார்.

“உள்ள என்னக்கா?”

“ஊசி, நூலு. மேசையெல்லாம் எங்க போட்டிருக்கீங்கம்மா?”

“அலமாக்! இது மென்யெலாம் லா அக்கா. தண்ணிக்குள்ள யாரு தைப்பாங்க?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போதே வீடு திரும்பியிருக்கலாம்.

“தெரியும், தெரியும். அதுக்குத்தான் வந்தேன்,” என்றார் பெரியம்மா.

மகள் அளவில் எடுத்துவைத்திருந்த நீச்சலுடை அவருக்குத் தொடைக்கு மேல் ஏறவில்லை. டி-சட்டையும் கால்சட்டையுமாக இறங்கி, முதல் நாளே நிறையத் தண்ணீர் குடித்தார். ஆனாலும் அடுத்த வாரமும் போனார். வெட்கம் பாதி, தண்ணீர் பிடித்துப்போனது மீதி.

லோஷினி செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தாள். ‘பூ எந்த அளவுல இருக்கும்மா?’ பெரியம்மா பதில் அனுப்பினார்: ‘இலை முடிஞ்சது.’ மறுவாரம்: ‘காம்பு போய்ட்டிருக்கு.’ பிளவுஸ் துணியோ அலமாரியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அந்த இரண்டு வாரமும் அவர் சரியாகத் தூங்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு ஷிரீன் ஒரு சைகையைக் கற்றுக்கொடுத்தார். விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவது. ஏதோ சரியில்லை என்று பொருள்.

“மூச்சு முட்டுச்சுன்னா உடனே கைய காட்டிடுங்க. சமாளிச்சிக்கலாம்னு நெனச்சாத்தான் அக்கா ஆபத்து.”

பெரியம்மா தண்ணீருக்குள் போனார். சிறிது நேரத்தில் கை ஆடியது. மேலே வந்தவர் கரையில் உட்கார்ந்து, ஈரக் கையோடு என்னிடமிருந்து தன் கைப்பேசியை வாங்கி மகளை அழைத்தார். ஒலிபெருக்கியை அணைக்கவும் மறந்துவிட்டார்.

“லோஷினி, பிளவுஸ்ல ஒரு தையல்கூட போடலம்மா. எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.”

“அப்போ இலை, காம்பு?”

“பொய்.”



“தைக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? ஆசையா கேட்டீங்கன்னுதான் துணியக் குடுத்தேன். தையல்காரம்மாகிட்ட குடுத்துடலாம், இன்னும் நேரமிருக்கு. பொய் சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம்.”

“சொல்லியிருக்கணும். தப்புதான்.”

“இப்ப எங்க இருக்கீங்க? ஒரே எக்கோ அடிக்குது.”

பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் முதலில் இருமல் போலக் கேட்டது. பிறகு அது சிரிப்பாயிற்று.

“எவ்ளோ நேரம் மூச்சப் புடிப்பீங்க?”

“முப்பது செகண்டு.”

“சும்மா சொல்லாதீங்க. புடிங்க, நான் எண்ணுறேன்.”

பெரியம்மா கன்னங்களை உப்பிக்கொண்டு கண்களை மூடினார். லோஷினி எண்ணத் தொடங்கினாள். பதினெட்டில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நிறுத்தாமல் எண்ணினாள்.