ஆஸ்பத்திரி வாசல் தும்பி

மகளுக்கு டெங்கு. டொக்டர் வேண்டாமென்றும் மாமியார் கட்டாயம் கொடுக்க வேண்டுமென்றும் சொன்ன பப்பாசி இலைச் சாற்றைப் பையில் ஒளித்துக்கொண்டு, பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் நோயாளரைப் பார்க்கக் கேட்டை எப்போது திறப்பார்களென்று அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பக்கத்துக் கழிவுநீர்க் கானுக்கு மேலே ஒரு தும்பி சுற்றியது. பறக்கிற நுளம்பைக் கால்களால் கூடைபோல் அள்ளி, பறந்தபடியே மென்று, உடனே அடுத்ததைத் துரத்தியது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு பசியை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பக்கம் வந்து தொலைத்திருக்கக் கூடாதா?

கேட் திறந்தது. எல்லோரோடும் நானும் ஓடும்போது கையில் சுருக்கென்றது. ஓங்கி அடித்தேன். நசுங்கிய நுளம்போடு உள்ளங்கையில் ஒரு பொட்டு இரத்தம். இப்போதுதான் என்னிடம் குடித்ததா, உள்ளே படுத்திருக்கும் யாரிடமாவது குடித்துவிட்டு என்னிடம் வந்ததா?