பெருமாள்மலை மூடுபனியில ஆண்டவர் என் வீட்டுக்காரரைத் திருப்பித் தந்தார்

போன கார்த்திகையில ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளனே டீ வாங்கிட்டு வந்து பாத்தா என் வீட்டுக்காரர் சவரிமுத்துவைக் காணோம். கம்பளி கெடந்துச்சு. செருப்பும் கெடந்துச்சு. மழையும் மூடுபனியும், பத்தடிக்கு மேல கண்ணு தெரியல.

நாங்க காவலுக்கு இருந்த பங்களாவை வித்துட்டாங்க. அதுல இருந்து பெருமாள்மலையில கடைகளுக்குப் பின்னால ஒரு தார்ப்பாய்தான் எங்களுக்கு வீடு. அவருக்கு நெனப்பு தப்பிக்கிட்டே வந்துச்சு. சில நாள் என் பேரே தெரியாது. ஒரு வருஷமா யாருக்கும் சொல்லல. சொன்னா அவரை ஏதாவது இல்லத்துல சேத்து எங்களைப் பிரிச்சுருவாங்கன்னு பயம். வீம்பும்தான். வீடில்லைன்னாலும் எங்களைப் பாத்து ஒருத்தர் உச்சுக்கொட்டக் கூடாது.

வீடில்லாதவங்களுக்குன்னு செவ்வாய்தோறும் சர்ச் ஹாலுல களிமண் வகுப்பு நடக்கு. முந்தின வாரம் இவரு, செல்லம்மா செஞ்ச கிண்ணத்தை எடுத்து உருண்டையாப் பிசைஞ்சுட்டாரு. செல்லம்மா ரோட்டுல பாட்டில் பொறுக்குறவ.

"ஆத்தா, ஒங்க ஆளுக்கு மண்டை சரியில்லையா?"ன்னு கேட்டா.

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு. ஓன் சோலியைப் பாரு"ன்னு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டேன்.

அன்னைக்குத் தேடும்போதும் அதே வீம்பு. கடை கடையா, "இவரு இந்தப் பக்கம் வந்தாரா?"ன்னு சாமான் வாங்கப் போனவரைக் கேக்குற மாதிரி கேட்டேன். "வருவாரு ஆச்சி, எங்க போயிருவாரு"ன்னு சிரிச்சாங்க. யாரும் எந்திரிக்கல. ரோட்டோரம் பள்ளத்தை எட்டிப் பாத்தேன். பனிதான். முட்டி போட்டு அழுதேன். "ஆண்டவரே, அவரைக் காட்டும். இல்லைன்னா என்னையும் எடுத்துக்கிரும்."

மேல இருந்து சத்தம் ஒண்ணும் வரல. ஆனா கால் வகுப்பு நடக்குற ஹாலுக்குத்தான் போச்சு. எல்லாருக்கும் முன்னால நின்னேன். "எங்காளுக்கு நெனப்பு இல்ல. ஒரு வருஷமா மறைச்சேன். காலையில இருந்து காணோம்."

செல்லம்மாதான் மொதல்ல எந்திரிச்சா. "அந்தக் காலத்துல என்ன வேலை பாத்தாரு?"

"சிலோன்ல தேயிலை பேக்டரியில. அடுப்புக்கு வெறகு போடுறவரு."

"அப்ப தைலம் காய்ச்சுற அடுப்புப் பக்கம் பாருங்கலே! அங்க இருந்துதான் காலையிலயே பொகை வாடை வருது!"

கையில களிமண்ணோட வகுப்புல இருந்த பதினோரு பேரும் ஓடுனாங்க. சரிவுக்குக் கீழ, யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுற கொட்டகை. அங்க வெறகை அடுக்கிக்கிட்டு இருந்தாரு. பாதத்துல ரத்தம். நடுங்குறாரு. என்னைப் பாத்ததும், "பிந்திட்டியே புள்ள. இன்னைக்குப் பேர் போடமாட்டாங்க"ன்னாரு. தோட்டத்துல பிந்தினா அன்னைக்கு வேலை கெடையாது, அந்த நெனப்பு. நான் அவர் காலைக் கட்டிக்கிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அவருக்கு நெனப்பு திரும்பல. வீடும் இன்னும் அமையல. எதையும் கூட்டிச் சொல்லமாட்டேன். ஆனா யாரும் எங்களைப் பிரிக்கல. நான் டீக்குப் போனா ஒருத்தர் அவர்கூட ஒக்காந்துக்கிறாங்க. வகுப்புல செல்லம்மா ரெண்டு கிண்ணம் செய்றா. "ஒண்ணு சூளைக்கு, ஒண்ணு தாத்தா பிசையுறதுக்கு"ங்கிறா.

நீங்களும் எதையாவது மூடி வச்சிருந்தா ஆண்டவர்கிட்டச் சொல்லுங்க. பக்கத்துல இருக்கிறவங்க காதுலயும் போடுங்க. யாரை விட்டு நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டேனோ, அவளைத்தான் ஆண்டவர் எனக்கு அனுப்புனாரு.