அண்ணியின் இலைக்கு என்ன வைப்பது

அண்ணியின் சமையலறையில் மளிகை டப்பாக்கள் இருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருக்கும். உரக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரின் பின்பக்கம் அது. மூலைகளில் மைதாப் பசை, நடுவில் எண்ணெய்க் கறை. பெரிய அண்ணனின் குண்டு குண்டான கையெழுத்தில் இடப்பக்கம் எங்கள் குடும்பத்தில் இறந்துபோனவர்களின் உறவுப் பெயர், வலப்பக்கம் அவரவருக்குப் பிடித்த பண்டம். தாத்தாவுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. சின்னத் தாத்தாவுக்கு நாட்டுக்கோழி வறுவல். ஏழு வயதில் காய்ச்சலில் போன பெரிய அத்தைக்குப் பால் சோறும் சுழியனும். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால், ஏதோ மெஸ்ஸில் யாருக்கு என்ன வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். முதல் ஏழு பெயர்கள் நீல மையில் ஒரே சீராக இருக்கும். அதற்குக் கீழே உள்ளவை அந்தந்த வருஷம் கையில் கிடைத்த பேனாவில் எழுதியவை.

மாயவரத்தை அடுத்த குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மார்கழிக் கடைசியில் சம்பா அறுப்பு ஆரம்பித்ததும், முதலில் அறுத்த நெல்லை அரைத்து வைத்துக்கொண்டு, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வீட்டில் படையல் போடுவோம். நிலத்தைத் திருத்தி நமக்கு விட்டுவிட்டுப் போனவர்களுக்கு, "இந்த வருஷமும் விளைஞ்சுது, வந்து சாப்பிடுங்க" என்று நன்றி சொல்வதுதான் அது. கூடத்தில் ஆளுக்கு ஓர் இலை. புதுச் சோறும் பரங்கிக்காயும் மொச்சைக் குழம்பும் எல்லா இலைக்கும் பொது. அதோடு அவரவர் பண்டம் அவரவர் இலையில் இருந்தாக வேண்டும். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. எழுதும்போது எனக்கே அழகாக இருக்கிறது. ஆனால் அதைச் சமைப்பதற்கு இருந்த சட்டங்களைச் சொன்னால் அழகு கொஞ்சம் குறையும்.

மூத்த மகன் வழி வந்த மருமகள்தான் சமைக்க வேண்டும். வீட்டில் பிறந்த பெண் காய் நறுக்கலாம், தேங்காய் துருவலாம், அடுப்பைத் தொடக்கூடாது. சமைப்பவர் படையல் முடியும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடக்கூடாது. உப்புப் பார்க்கக்கூடாது. கடையில் வாங்கி வைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. பட்டியலில் ஒரு பண்டம் ஏறலாம், இறங்க முடியாது. செத்தவர் வாயிலிருந்து யார் பிடுங்குவது? அண்ணி கல்யாணமாகி வந்தபோது ஏழு இலை. அப்போது எனக்குப் பதினான்கு வயது. அவர் கடைசியாகப் போட்ட படையலில் பதினான்கு இலைகள் இருந்தன. ஒவ்வொரு சாவுக்கும் எல்லோரும் அழுதோம். அண்ணி அழுதபோது அதில் பாதி அடுத்த தையை நினைத்து அழுததாக இருக்குமோ என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு என்ன வைப்பது என்று பேச்சு வந்தது. அண்ணி மெதுவாக, "மாமாவுக்கு எலுமிச்சை ஊறுகான்னா உசுரு" என்றார். நான்தான் அழுதுகொண்டே குறுக்கே விழுந்து, "அப்பாவுக்குச் சுறாப்புட்டுதான் புடிக்கும், அது இல்லாம அப்பா வரமாட்டாரு" என்று அடம்பிடித்தேன். அப்பாவின் பெயருக்கு நேரே பெரிய அண்ணன் சுறாப்புட்டு என்று எழுதினார். பூம்புகாரிலிருந்து மீன்காரம்மா கொண்டுவரும் பால்சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, மண் போக அலசி, பிழிந்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் அதே அளவுக்கு உரித்துப் போட்டுக் கிளற வேண்டும். அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆகும். என்னுடைய ஒரு சொல்லுக்காக அண்ணி ஒவ்வொரு தையிலும் அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுத்தார். ஊறுகாய் ஜாடியைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வைத்தால் தீர்ந்திருக்கும் வேலை. இதை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அண்ணி சிடுசிடுப்பவர் அல்ல. சிரித்துப் பேசுகிறவர். என்னை ஐம்பது வயதிலும் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவர் முகத்தில் ஒரு கவனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். யாராவது ஒரு பண்டத்தை வாயில் போட்டுக்கொண்டு "அடடா" என்று சொன்னால், பரிமாறுகிற கை அப்படியே நிற்கும். பெரிய அண்ணனுக்குக் கடைசிக் காலத்தில் செல்போனில் சமையல் வீடியோ பார்க்கிற பைத்தியம் பிடித்தது. ஒருநாள் ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் செய்யச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, "இதைப் போல ஒன்ன நான் வாழ்க்கையில சாப்பிட்டதில்ல" என்றார். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "இந்த வயசுல புதுசு புதுசா ருசி கண்டுக்காதீங்க. உங்களுக்குக் கத்திரிக்காய் கொத்சுதான் புடிக்கும்." அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு வருஷத்தில் அண்ணன் போய்விட்டார். பட்டியலில், வேறொரு கையெழுத்தில், பாயாவும் இடியாப்பமும் ஏறின.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அண்ணி தனியாகத்தான் இருந்தார். மகன் பெங்களூரில். நான் சீர்காழியில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்துவிட்டு ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டவள், கல்யாணம் செய்துகொள்ளாமலே காலத்தை ஓட்டியவள். மகன் எத்தனையோ முறை கூப்பிட்டான். அண்ணி போவார், தை நெருங்கும்போது திரும்பிவிடுவார். பேரன் பிறந்து இருபது நாள்கூட ஆகாதபோது பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு மார்கழிக் கடைசியில் ரயில் ஏறி வந்தார். முழங்கால் வீங்கி, நாற்காலியைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து சமைத்தார். ஒரு வருஷம் நான் பொறுக்க முடியாமல், மாயவரத்தில் ஒரு ஹோட்டலில் சொல்லி வரவழைத்துவிடலாம் என்று பேச்சை எடுத்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த சின்ன அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆர்டர் குடுத்து வாங்குனத அப்பா தொடுவாரா?" என்று கத்தினார். சென்னையில் மூன்று வேளையும் ஆர்டர் கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறவர் அவர். அண்ணி நாற்காலியில் இருந்தபடியே, "விடு பாப்பா, இன்னும் எத்தனை தைக்கு" என்று சொல்லிவிட்டு வாழைப்பூவை ஆய ஆரம்பித்தார்.

இன்னும் இரண்டு தைக்குத்தான் இருந்தார். மூன்றாவது வருஷம் ஐப்பசி அடைமழையில், தூக்கத்திலேயே போய்விட்டார். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பொங்கல் கிடையாது என்பதால் அந்தத் தை சும்மா கழிந்தது. தலைத்திவசம் முடிந்து, இந்த மார்கழியில், படையலுக்கு என்னென்ன என்று முடிவு செய்ய எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். சின்ன அண்ணன், அண்ணியின் மகன், அவன் மனைவி, நான். இனி அடுப்பு அந்தப் பெண்ணுடையது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துப் போனில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். பாதி வரும்போதே அவள் குரல் இறங்கிப்போனது. எத்தனை மணிக்கு எழுந்தால் இதெல்லாம் முடியும் என்று மனசுக்குள் அவள் போட்ட கணக்கு எனக்கும் கேட்டது.

நான் வாயைத் திறந்தேன். "அப்பாவுக்குச் சுறாப்புட்டு வேணாண்ணே. நான்தான் அன்னிக்கி விவரம் தெரியாம சொன்னேன். ஊறுகா போதும்."

சின்ன அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெத்த தகப்பன் வாயிலேருந்து புடுங்குறியா நீ?"

அவ்வளவுதான், அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்து அவரே குரல் தழுதழுக்க, "அண்ணிக்கு என்ன வைக்கிறது? அந்த மகராசி நமக்கெல்லாம் எவ்வளவு செஞ்சிருக்காங்க. அவங்களுக்குப் பெருசா ஒன்னு வைக்கணும்" என்றார்.

சின்ன அண்ணன் விட்டத்தைப் பார்த்தார். மகன், "அம்மா மீன்ல தலையத்தான் எடுத்துக்குவாங்க" என்றான். "அது மிஞ்சுனதுடா" என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. அப்புறம் என் பக்கம் திரும்பினான். "அத்தை, உங்களுக்குத்தான் தெரியும். அம்மா உங்ககிட்டதான் எல்லாம் பேசுவாங்க. சொல்லுங்க அத்தை. எங்கம்மா இலை மட்டும் வெறுமனே கெடக்கக்கூடாது." கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் போன மறுவருஷம் அண்ணியை முழங்காலுக்குப் படம் எடுக்க மாயவரம் கூட்டிப்போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி வாசலில் நின்றார். "பாப்பா, ஒரு முட்டை பப்ஸ் சாப்பிடுவமா?" என்றார். கடைக்கு உள்ளே, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத மேசையாகப் பார்த்து உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டதை அதற்கு முன்பு நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, உள்ளே இருந்த முட்டையைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டார். புடவையில் உதிர்ந்த பொருக்கை விரல் நுனியில் ஒற்றி ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்று கேட்டு வாங்கினார். கடைக்காரப் பையன் "எப்பவும் போல ரெண்டாம்மா" என்றபோதுதான், இது முதல் தடவை அல்ல என்று புரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாத பாப்பா. எனக்கு ஒன்னு புடிக்கும்னு தெரிஞ்சா எழுதிப்புடுவாங்க." நான் சிரித்துக்கொண்டே, "இதுல என்னண்ணி கஷ்டம், கடையில ரெண்டு வாங்கி வச்சாப் போச்சு" என்றேன். "சுழியனும் மொதல்ல கடையில வாங்குனதுதானாம். உங்கம்மா சொல்வாங்க. அப்பறம் வீட்லதான் செய்யணும்னு ஆச்சு. எனக்கப்பறம் வர்ற பொண்ணு மாவ மடிச்சு மடிச்சுத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? எனக்குன்னு எதுவும் இல்ல. அப்புடியே இருக்கட்டும்."

கூடத்தில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிட்டால் பிள்ளையின் மனசு ஆறும். இத்தனை வருஷம் எல்லோருக்கும் படைத்தவளின் இலையில், கண்ணை மூடி ரசித்த அந்த ஒரு பண்டம் இருக்கும். அண்ணி நிஜமாகவே வருவாரோ என்னவோ, வந்தால் சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பெண் போனைப் பிடித்தபடி, கட்டைவிரலை எழுத்துக்கு மேலே வைத்துக் காத்திருந்தாள். நான் என்ன சொன்னாலும் அது அவள் தலையில் ஏறும், அவள் சாகும்வரை இறங்காது.

"அவங்களுக்குன்னு தனியா எதுவும் இல்லப்பா," என்றேன். "எதக் குடுத்தாலும் சாப்பிடுவாங்க."

மகன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான். "நாப்பது வருஷம் கூடப் பழகி இதக்கூடக் கவனிக்கலியா நீ?" என்று சின்ன அண்ணன் கேட்டார். அந்தப் பெண் போனில் அடித்ததை எட்டிப் பார்த்தேன். அம்மா என்று போட்டு, அதற்கு நேரே, எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாள். நான் சொன்ன சொல்தான் அது.

மத்தியானம் அவளே பரிமாறினாள். என் இலையில் ஒரு கரண்டி இறால் தொக்கை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று சிரித்தாள். "உங்களுக்கு இதுதான் ரொம்பப் புடிக்கும்னு அவர் சொன்னாரு அத்தை. உங்களுக்காகத்தான் காலையில வாங்கியாரச் சொல்லிச் செஞ்சேன்." உண்மைதான். இறால் தொக்கு என்றால் நான் அப்படிச் சாப்பிடுவேன். ஊருக்கே தெரியும், ஒளித்ததே இல்லை. கல்யாணமாகாதவளுக்குச் செத்தபிறகு இந்த வீட்டை விட்டால் இலை போட வேறு வீடு கிடையாது. இறாலுக்குத் தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகில் இருக்கும் குடலை ஒவ்வொன்றாக இழுத்து எடுக்க வேண்டும். இலையில் கிடந்ததை எண்ணாமலே அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்தது. வாசனையில் வாய் ஊறியது. கையால் அதை இலையின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

"இப்பல்லாம் எனக்கு இறாலே புடிக்கிறதில்லம்மா."

அவள் முகம் வாடிவிட்டது. "அப்ப உங்களுக்கு என்ன அத்தை புடிக்கும்?"

"எதக் குடுத்தாலும் சாப்பிடுவேன்," என்றேன். அண்ணி நாற்பது வருஷம் சொன்ன பொய் அது. வெறும் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டேன்.